ஒன்றுவிட்ட செவ்வாய்

லாங்கன்தாலில், எங்கள் கட்டடத்தில்,
உடுப்புத் தோய்க்க எனக்குத் தந்திருப்பது
ஒன்றுவிட்ட செவ்வாய்.
ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி
உறவுதான், ஆனால் முழுதில்லை.
காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை
நிலவறைச் சாவி என் கையில்.
பதினோரு வருடத்தில் இந்த நாடு
நிபந்தனை போடாமல் என் பேருக்கு எழுதியது
அந்த ஒரு நாளைத்தான்.

மற்றதெல்லாம் எஃப்.
போ என்று சொல்லியாயிற்று,
அனுப்பத்தான் இன்னும் முடியவில்லை
என்பதற்கு இங்கே ஒற்றை எழுத்து.
வருடா வருடம் புதுப்பித்த தற்காலிகத்தில்
மகனுக்குப் பல் விழுந்தது, முளைத்தது,
இப்போது மீசை.

பி கேட்டால் கேட்கிறார்கள்:
சம்பளத் துண்டுகள்,
டொச் சோதனைத் தாள்,
கடனில்லை என்று கடன் கந்தோர் தரும் தாள்.
என் தாளில் ஒரு வரி இருந்தது.
ரயில் தண்டம், நூறு பிராங்,
பயண அட்டையை வீட்டில் வைத்துவிட்டு
ஓல்ட்டனுக்கு ஓடிய நாள்.
கட்டிவிட்டேன். ஆனாலும் வரி நிற்கிறது.
கட்டிய கடனையும் மறக்காத நாடு.

பிறகு ஒரு சுவிஸ்காரரின் கடிதம்,
இவளை எனக்குத் தெரியும் என்று.
முதியோர் இல்லச் சமையலறையில்
என்னோடு பாத்திரம் அடுக்குகிறவர்கள்
எரித்திரியா, கொசோவோ, போர்த்துக்கல்.
எங்களுக்குள் எழுதிக்கொடுத்தால்
யார் ஏற்பார்?

மிச்சம் மூன்றாம் மாடி ரூத் ஏபிஷர்.
ஏழு வருடமாக நாங்கள் கதைத்ததெல்லாம்
நிலவறைக் கதவில் ஒட்டிய துண்டுகளில்.
*பஞ்சு வடிகட்டி!*
*ஞாயிற்றுக்கிழமை தோய்ப்பதில்லை.*
*கொடியில் ஒரு காலுறை.*
ஒரேயொரு தரம் பதில் எழுதினேன்,
ஆண்பாலா பெண்பாலா என்று மகனிடம் கேட்டு:
*அந்தக் காலுறை உங்களுடையது.*

ரோல்ஸ் பொரித்தேன்.
லஞ்சம் மாதிரி இருக்குமென்று வைத்துவிட்டு
வெறுங்கையோடு போய் மணி அடித்தேன்.
சங்கிலி போட்ட கதவுக்குள்ளிருந்து கேட்டாள்,
முழுதும் கேட்டாள்.
தாளைத் தாருங்கள், என்றாள். கதவு.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் நிலவறையில்,
உடுப்புக் கவ்வியில் தொங்கியது கடித உறை.

*திருமதி வக்சலா இராசநேசனை ஏழு வருடமாக அறிவேன்.
ஆரம்பத்தில் வடிகட்டியைத் துடைப்பதில்லை.
இப்போது துடைக்கிறார்.
நேரம் முடியக் கால்மணி இருக்கவே சாவியைத் தந்துவிடுகிறார்.
அவர் இந்தக் கட்டடத்தில் இல்லாவிட்டால்
எனக்குத் தெரியும்.*

கடைசி வரியில் நின்றேன்.
தெரியும் என்றால்
சத்தம் குறையுமென்றா, வேறு ஏதுமா?
மகனைக் கேட்டேன்.
அம்மா, டொச்சிலயும் அது அப்படித்தான் இருக்கு, என்றான்.

பெப்ரவரியில் அட்டை வந்தது.
வாய் மூடிய படம், என் பேர், பி.
அடுத்த பெப்ரவரி வரை.
எனக்கும் மகனுக்கும்.
இவருக்கு இல்லை.
அறுபது வீத வேலைக்கு அது காணாதாம்.
சோறு போடும்போது இவர் சிரித்துக்கொண்டே,
பி ஆட்களுக்கு முதலில், என்றார்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு அவரும்.

இன்று என் செவ்வாய்.
இவருடைய சேர்ட்டுப் பையில் கை விட்டால்
எஃப் அட்டை. ஒரு வேர்வை வாசம்.
துடைத்து மெசின் மேல் வைத்தேன்,
என்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில்,
ஏன் என்று தெரியாமல்.
கடைசிச் சுழற்சி, ஆயிரத்து நானூறு.
இரும்பு நடுங்க நடுங்க
இரண்டு அட்டையும் மெல்ல விளிம்புக்கு நகர்ந்தன,
ஒன்று சற்று முந்தி.

உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தபடி
அது ஓயும்வரை நின்றேன்.
எட்டுக்கு ஆறு நிமிடம்.
சாவி கொடுக்கப் பிந்திவிட்டது.